விடுதிறன் ஏறியும் ஆற்றல் சேமிப்பு குறைவது ஏன்?

கேள்வி: பிவிடிஎஃப் (பாலிவினைலிடீன் ஃபுளூரைடு) பாலிமரில் கன அளவில் 30 சதவீதம் பேரியம் டைட்டனேட் நானோ பவுடர் கலந்து மின்தேக்கி ஃபிலிம் வார்த்தேன். ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு மின்னூட்டம் சேரும் என்ற அளவு) 10-லிருந்து 22-க்கு ஏறியது. ஆனால் மின்காப்பு வலிமை (உடையாமல் தாங்கும் உச்ச மின்புலம்) மைக்ரோமீட்டருக்கு 400 வோல்ட்டிலிருந்து 190-க்கு இறங்கிவிட்டது. பவுடரை இன்னும் கூட்டலாமா, வேறு பவுடருக்கு மாறலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள், பவுடரையும் மாற்றுங்கள்.

சேமிக்கும் ஆற்றல் விடுதிறனுக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும். மின்புலத்துக்கோ இருமடியில் ஏறும். உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். வெறும் பிவிடிஎஃப் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7 ஜூல் தருகிறது, கலவை 3.5 ஜூல்தான். (பிவிடிஎஃப்பின் முனைவாக்கம், அதாவது புலத்தால் உள்ளே மின்னூட்டங்கள் இடம்பெயரும் அளவு, புலத்தோடு நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே இது ஒப்பிடுவதற்கான உத்தேசக் கணக்கு மட்டுமே.) பாலிப்புரொப்பிலீனின் விடுதிறன் வெறும் 2.2. அப்படியிருந்தும் மைக்ரோமீட்டருக்கு 700 வோல்ட் வரை தாங்குவதால் 5 ஜூலை நெருங்குகிறது. இழப்பும் மிகக் குறைவு. ஃபிலிம் மின்தேக்கிகளில் அதன் இடம் அசையாததற்கு இதுவே காரணம்.

முறிவு, அதாவது மின்காப்பு உடைந்து மின்சாரம் பாய்வது, எங்கே தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். விடுதிறன் 10 உள்ள பாலிமருக்குள் 1500 உள்ள ஓர் உருண்டைத் துகளை வைத்தால், துகளுக்குள் இருக்கும் புலம் வெளிப்புலத்தில் 2 சதவீதம்தான். அதாவது பேரியம் டைட்டனேட் கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. துகளின் இரு முனைகளை ஒட்டிய பாலிமரிலோ புலம் ஏறத்தாழ மூன்று மடங்கு. 30 சதவீதத்தில் துகள்கள் ஒன்றையொன்று தொடுமளவு நெருங்குவதால் இடையில் சிக்கிய மெல்லிய பாலிமரில் இது இன்னும் கூடும். அங்கே ஒரு காற்றுக்குமிழோ மீந்த கரைப்பானோ இருந்தால் கசிவு மின்னோட்டம் அந்த வழியே ஓடி ஃபிலிமைத் துளைத்துவிடும்.

இதிலிருந்து பலரும் கவனிக்காத ஒன்று தெரியவரும். துகளின் விடுதிறன் 300 ஆனாலும் 1500 ஆனாலும் கலவைக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றே. 30 சதவீதத்துக்கு, கலவையின் விடுதிறனை உத்தேசிக்கும் மேக்ஸ்வெல்–கார்னெட் சூத்திரப்படி பேரியம் டைட்டனேட் சுமார் 22.5, ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் சுமார் 21. பின்னது அறை வெப்பநிலையில் ஃபெர்ரோ மின்பொருள் (புலத்தை நீக்கினாலும் முனைவாக்கத்தைத் தக்கவைப்பது) அல்ல. ஆகவே பவுடரின் பங்காக வரும் ஹிஸ்டெரிசிஸ் இழப்பு (ஏற்றி இறக்கும்போது வெப்பமாகப் போகும் ஆற்றல்) மிச்சம். ஆனால் துகளின் முனையை ஒட்டிய புலம் அதிலும் 2.8 மடங்குதான், 1500-லிருந்து 300-க்கு இறங்கியதால் அது தணிந்துவிடவில்லை. தணிய வேண்டுமானால் 25 அளவிலுள்ள ஹாஃப்னியம் ஆக்சைடு (1.7 மடங்கு) அல்லது பாலிமருக்கு இணையான அலுமினியம் ஆக்சைடு போன்றவற்றுக்கு வர வேண்டும். நான் முதலில் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டைக் குறைந்த அளவில் முயல்வேன்.

கன அளவில் 3 சதவீதம் போதும். எடைபோடும்போது கவனம் தேவை: பேரியம் டைட்டனேட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.02 கிராம், பிவிடிஎஃப் 1.78. அதனால் கன அளவில் 3 சதவீதம் என்பது எடையில் 9.5 சதவீதம், கன அளவில் 10 என்பது எடையில் 27. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒப்பீடுகள் எல்லாமே தவறிப்போகும். வேறு பவுடருக்கு அதன் அடர்த்தியை வைத்துக் கணக்கிடுங்கள்.

பவுடரின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தாமல் கலக்காதீர்கள். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 105 டிகிரி அளவில் நான்கு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்தால் (ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழவைத்தபடி கொதிக்கவைத்தால்) மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏறும். கழுவி உலர்த்தியபின், பவுடரைப் பாலிமரோடு பிணைக்கும் அமினோ சிலேன் பூசலாம். சிலேனைத் தாராளமாக ஊற்றினால் அது தனக்குத்தானே இணைந்து மீதமாகத் தங்கி, கசிவுக்கு வழிவிடும். ஆகவே எத்தனால் கொண்டு இரண்டு மூன்று முறை கழுவுங்கள்.

வார்க்கும்போது பவுடரை டிஎம்எஃப் கரைப்பானில் அல்ட்ராசோனிக் முறையில் பிரித்த பின்னரே பாலிமரைச் சேர்க்க வேண்டும். வெற்றிடத்தில் குமிழ் நீக்கி, கண்ணாடியில் பரப்பி, 80 டிகிரியில் உலர்த்துங்கள். ஈரக்காற்றில் குளிர்ந்த நிலையில் உலர்ந்தால் ஃபிலிம் பால்போல் வெளுக்கும். உள்ளே நுண்துளைகள் விழுந்துவிட்டன என்று பொருள். அந்த ஃபிலிமை அளக்க வேண்டாம். நன்றாக உலர்ந்ததை 200 டிகிரியில் பத்து நிமிடம் உருக்கி, சட்டென்று பனிநீரில் முக்கினால் துளைகள் மூடும், படிகங்களும் சிறுக்கும். பிறகு வெற்றிடத்தில் மீண்டும் உலர்த்துங்கள்.

விடுதிறன் இன்னும் வேண்டுமென்றால் மூன்றடுக்கு அமைப்புக்குப் போகலாம். வெளி அடுக்குகளில் படுக்கையாக அமைந்த போரான் நைட்ரைடு தகடுகள் மின்முனையிலிருந்து மின்னூட்டம் புகுவதைத் தடுக்கும். நடு அடுக்கில் டைட்டனேட். ஆனால் புலம் அடுக்குகளின் விடுதிறனுக்கு எதிர்விகிதத்தில் பிரியும். நடு அடுக்கு 13, வெளி அடுக்கு 10 என்றால் வெளி அடுக்குக்கு 1.3 மடங்கு புலம் விழும். நடுவே அளவுக்கு மீறி ஏற்றினால் முதலில் உடைவது வெளி அடுக்கே.

அளவீட்டில் வரும் பிழை பெரியது. 10 மைக்ரோமீட்டர் ஃபிலிமின் தடிமனில் ஒரு மைக்ரோமீட்டர் தவறினால் புலத்தின் இருமடியில் சுமார் 20 சதவீதம் தவறும். முறிவை ஒவ்வொரு மாதிரியிலும் குறைந்தது 15 இடங்களில், ஒரே பரப்புள்ள மின்முனையோடு, சிலிக்கோன் எண்ணெயில் அளந்து, முறிவு அளவீடுகளுக்கான புள்ளியியல் பரவலான வைபுல் பரவலில் 63.2 சதவீதப் புள்ளியை (அத்தனை சதவீத இடங்கள் உடைந்திருக்கும் புலத்தை) எடுங்கள். மின்முனை சிறிதானால் குறை சிக்கும் வாய்ப்பு குறையும். வலிமை பொய்யாக உயர்ந்து தெரியும்.

ஆற்றலைச் சூத்திரத்திலிருந்து சொல்லாமல், முனைவாக்க–புல வளையத்தில் இறங்குகோட்டுக்கும் முனைவாக்க அச்சுக்கும் நடுவிலுள்ள பரப்பிலிருந்து எடுங்கள். ஏற்றியதில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மீதி வெப்பமாகும்; அடிக்கடி ஏற்றி இறக்கும் மின்தேக்கியில் அந்தச் சூடு கசிவைக் கூட்டும், கசிவு மேலும் சூடாக்கும். முதல் சுற்றுக்கு 0, 1, 3, 5 சதவீதம் என நான்கு கலவைகள் போதும். 0 சதவீத ஃபிலிமையும் அதே நாளில், அதே சூளையில், அதே உருக்கிக் குளிர்வித்தலோடு செய்யுங்கள்.