முடி வறண்டு சிக்கா இருக்கு, முகத்துக்கு எலுமிச்சை தேய்க்கலாமா, செலவில்லாம என்ன பண்ணலாம்?

பார்லர் செலவே வேண்டாங்க. எங்க காரைக்குடி பக்கம் ஆச்சிமாரு செய்யறதைச் சொல்றேன், ரெண்டு ஸ்பூன் வெந்தயத்த ராத்திரி ஊறப் போட்டு காலைல ஒரு கைப்பிடி செம்பருத்தி இலையோட அரைங்க, நல்லா நைஸா அரைக்கணும், இல்லாட்டி திப்பி முடிக்குள்ள போய் உக்காந்துக்கும், அலசி மாளாது. அந்த வழவழப்பு முடிமேல படலமா படியறதால சிக்கு விட்டு சீப்பு சுலபமா இறங்கும். அரைமணி நேரம் வச்சு அலசினா போதும். புதுசா முடி முளைக்கும்னு மட்டும் நம்பாதீங்க. எண்ணெய் தேய்ச்ச அன்னைக்கு சீயக்காய், அதுல இருக்கற சப்போனின்ங்கற சோப்பு மாதிரி பொருள் தான் நுரைச்சு எண்ணெயை எடுக்குது, கண்ணுல பட்டா எரியும், பாத்துக்கங்க.

முகத்துக்கு பாசிப்பயறு மாவும் தயிரும் போதும். எலுமிச்சை தயவுசெஞ்சு வேண்டாம், நம்ம தோலோட பிஹெச் (புளிப்பைக் காட்டற அளவு, எண் குறையக் குறைய புளிப்பு அதிகம்) 5 கிட்ட, எலுமிச்சைச் சாறு 2 கிட்ட, அவ்வளவு புளிப்பு தோலுக்கு ஆகாது, அதோட அந்தச் சாறு பட்ட இடத்துல வெயில் அடிச்சா கொப்புளிச்சு கருத்துடலாம், நம்மூரு வெயிலுக்கு கேக்கவே வேணாம். சமையல் சோடாவும் வேண்டாம், தோலை வறட்டும்.

எது போட்டாலும் முதல்ல முழங்கை மடிப்புல தடவி ஒருநாள் பாருங்க. முடி கொத்துக்கொத்தா கொட்டுச்சுன்னா தைராய்டு, இரும்புச்சத்து ரெண்டும் டாக்டர்கிட்ட செக் பண்ணிடுங்க.