பில் வரிகளை எஸ்க்யூஎல் சர்வரில் சேமிக்க ரீப்ளேஸ் போட்டால் போதாதா?

சி ஷார்ப்பில் எழுதிய பில்லிங் செயலியில், லிஸ்டில் இருக்கும் பில் வரிகளை (டாக்ஸ் அல்ல, ரோக்கள்) சரத்தை (ஸ்ட்ரிங்) ஒட்டி ஒட்டி எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் இன்சர்ட் செய்கிறீர்கள். வாடிக்கையாளர் பெயர் டி'சூசா என்று வந்ததும், அதிலுள்ள ஒற்றை மேற்கோள் சரத்தைப் பாதியில் முடித்துவிடுவதால் பிழை. ரீப்ளேஸ் போட்டு ஒற்றை மேற்கோளை இரட்டிப்பாக்கினால் போதுமா என்பது உங்கள் கேள்வி.

போதாது. அந்த ஒரு பிழை நிற்கும், அவ்வளவுதான். பிழையே காட்டாமல் தப்பாகச் சேமிப்பது இன்னும் மோசம்.

தேதியைப் பாருங்கள். இந்திய அமைப்பில் உள்ள கணினியில் ஆகஸ்ட் 5, சரமாக மாறும்போது 05-08 என்று ஆகும். சர்வர் லாகினின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்) அதை மே 8 என்று எடுத்துக்கொள்ளும். 13-ம் தேதி வந்த பிறகுதான் பிழை தெரியும். அதற்குள் எத்தனை பில் தப்பான மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கும்!

தமிழ்ப் பெயர்களுக்கும் இதே கதி. மேற்கோளுக்கு முன்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்து இல்லாமல் 'முருகன்' என்று ஒட்டினால், யூனிகோடு எழுத்துகளை வைக்கும் என்வார்சார் நெடுவரிசையிலும் வெறும் கேள்விக்குறிகள்தான் சேரும். எஸ்க்யூஎல் சர்வர் 2019 பதிப்பில் வந்த யுடிஎஃப்-8 கொலேஷனை (எழுத்துகளைச் சேமிக்கும், ஒப்பிடும் விதத்தைச் சொல்லும் அமைப்பு) தரவுத்தளத்துக்கு வைத்திருந்தால் மட்டும் தப்பிக்கலாம். கேள்விக்குறியாகச் சேர்ந்த பெயரை அப்புறம் மீட்கவே முடியாது.

மதிப்பை ஒட்டாமல், கட்டளையில் அதற்கு ஒரு பெயரிட்ட இடம் விட்டு, அதாவது பாராமீட்டர் வைத்தால், கட்டளையும் மதிப்பும் தனித்தனியாகப் போகின்றன. தேதி தேதியாகவே போகிறது, தமிழ் யூனிகோடாகவே போகிறது. பெயர்ப் பெட்டியில் யாராவது டிராப் டேபிள் (அட்டவணையையே அழிக்கும் கட்டளை) என்று தட்டினாலும் அது ஒரு பெயராகத்தான் சேரும்.

செய்யும் முறை இது. லூப்புக்கு வெளியே ஒரே ஒரு எஸ்க்யூஎல்கமாண்ட் (கட்டளையைத் தாங்கும் பொருள்) உருவாக்குங்கள். @பெயர், @தேதி, @தொகை என்று இடம்விட்டு, ஒவ்வொன்றுக்கும் வகையைச் சொல்லிப் பாராமீட்டர் சேருங்கள்: என்வார்சார் 100, டேட், டெசிமல். லூப்புக்குள் மதிப்பை மட்டும் மாற்றி எக்ஸிக்யூட்நான்க்வெரியை அழைத்துக் கட்டளையை ஓட்டுங்கள். வகையைச் சொல்லாமலே பாராமீட்டர் சேர்க்க எல்லாரும் காட்டும் ஆட்வித்வேல்யூ எனக்குப் பிடிக்காது. அது சரத்தின் நீளத்தை அந்தந்த மதிப்பிலிருந்து ஊகிக்கும். நீளம் மாறும்போதெல்லாம் சர்வர் கட்டளையை ஓட்டுவதற்கான புதுத் திட்டம் போட்டு நினைவகத்தில் அடுக்கும். காலி மதிப்புக்கு சி ஷார்ப்பின் நல் கொடுத்தால் பாராமீட்டர் தரப்படவில்லை என்று பிழை வரும், தரவுத்தளத்துக்கான டிபிநல் கொடுங்கள்.

டிரான்சாக்ஷனை (எல்லா வரியும் சேரும், இல்லாவிட்டால் எதுவும் சேராது என்ற ஏற்பாடு) தயவுசெய்து விடாதீர்கள். பத்து வரியில் ஆறாவது வரி தோற்றால், ஐந்து வரியோடு நிற்கும் பில் கடைக்காரருக்குப் பண நஷ்டம். லூப்புக்கு முன் தொடங்கி, கமாண்டின் டிரான்சாக்ஷன் பண்பிலும் அதை வையுங்கள் (வைக்காவிட்டால் ஓடாது). எல்லாம் முடிந்ததும் கமிட் (உறுதிசெய்), இடையில் பிழை வந்தால் ரோல்பேக் (எல்லாவற்றையும் திரும்பப் பெறு).

வேகத்துக்காகப் பல வரிகளை ஒரே இன்சர்ட்டில் அடுக்க நினைத்தால், ஒரு கோரிக்கைக்கு 2100 பாராமீட்டர்தான் உச்சம். ஆயிரக்கணக்கில் வரிகள் இருந்தால் மொத்தமாக ஏற்றும் எஸ்க்யூஎல்பல்க்காப்பி பக்கம் போங்கள். பில்லுக்கு அது தேவைப்படாது.

அட்டவணைப் பெயரையும் நெடுவரிசைப் பெயரையும் பாராமீட்டராகக் கொடுக்க முடியாது. அவை பயனர் தேர்விலிருந்து வருவதாக இருந்தால், நிரலிலேயே எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருப்பதை மட்டும் அனுமதியுங்கள்.