பித்தநாளப் புற்றுநோய், நான்காம் கட்டம். கீமோவோடு புது மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வில் அப்பாவைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன், "இந்த மருந்து அப்பாவின் கட்டிக்குப் பொருந்தும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். நான் டாக்டர் இல்லை, பாங்க் ஊழியன். அம்மாவுக்கு இதே நோய் வந்ததால் தேடித் தேடிப் படித்தவன்.

2010-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 410 பேர். ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்து மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர்தான் 8.1 மாதம் தாண்டினார்கள். சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் சேர்ந்தபோது அது 11.7 ஆனது. அப்புறம் கீமோவின் மேல் செடுக்சிமாப் என்ற, புற்றுசெல்லின் ஒரு புரதத்தைக் குறிவைக்கும் மருந்தை ஏற்றிப் பார்த்த 'பிங்கோ' ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் கட்டியில் எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணு இணைவு (அந்த மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்ட மாற்றம்) இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, கீமோ கைவிட்ட பிறகு அதையே குறிவைக்கும் பெமிகாட்டினிப் மாத்திரையைக் கொடுத்தபோது மூன்றில் ஒருவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. பூட்டுக்கேற்ற சாவி, அவ்வளவுதான்.

எங்களுக்கும் ஆய்வு வாய்ப்பு வந்தது. அம்மா சீப்பின் முனையால் முதுகைச் சொறிந்துகொண்டே, "யாருக்கு எந்த மருந்துன்னு சீட்டுக் குலுக்கியா போடுவாங்க?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான், புது மருந்து கிடைக்காதவர்களுக்கும் வழக்கமான கீமோ உண்டு என்று டாக்டர் விளக்கினார். "அப்ப நஷ்டமில்லை" என்று கைநாட்டுக்கே தயாராகிவிட்டார்.

ஆனால் சேர்க்கவில்லை. பிலிருபின், அதாவது காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமி, இறங்கவே இல்லை. காமாலை என்றதும் சித்தப்பா மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சித்த மருத்துவ அன்பர்கள் கம்பெடுக்க வேண்டாம், கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. அடைத்துக்கொண்ட குழாயை இலைச்சாறு திறக்குமா? அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைப்பதற்குள் நாள் ஓடிவிட்டது. சாதாரணக் கீமோதான் கொடுத்தார்கள். பதிமூன்று மாதம் இருந்தார். அதே சித்தப்பா பதினாறாம் நாள் காரியத்தில், "கீமோதான் கொன்னுடுச்சு" என்றார்.

சரி, உங்கள் விஷயம். அப்பாவுக்கு இப்போது பிலிருபின் எவ்வளவு? கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்த பயாப்சித் துண்டை மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்களா? அந்த இரண்டையும் எழுதுங்கள்.