நுகர்வோர் கேள்வி-பதில்: விடுதி மாணவரின் காரும் கணினியும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் நான்கு, காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்தவை. மூன்று கல்லூரி மாணவர்களும் ஒரு மாணவரின் தாயாரும் எழுதியிருக்கிறார்கள். எல்லாமே கணினியையும் காரின் மின்னணுப் பாகங்களையும் பிரித்துப் பார்க்கும் ஆர்வத்தை ஒட்டிய கேள்விகள் என்பதால் ஒரே இடத்தில் பதில் தருகிறேன்.

கேள்வி: காரைக்குடியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் 2011ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் கார் இருக்கிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அவ்வப்போது எரிந்து அணைகிறது. காரின் கணினி பதிந்துவைக்கும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி புளூடூத் கருவி ஒன்றை வாங்கி நானே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நானூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, நாலாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பதில்: எந்தக் கருவி என்று பார்ப்பதற்கு முன், உங்கள் கார் அந்தக் கருவியோடு பேசுமா என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட இணைப்பு இருப்பதைப் பார்த்தவுடனே பலரும் கருவிக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் ஓபிடி-2 முறை 2013 ஏப்ரலிலிருந்துதான் பிஎஸ்-4 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதியின் நான்காம் கட்டம்) கார்களுக்குக் கட்டாயமானது. அந்த பிஎஸ்-4 விதியே நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில்தான். ஆகவே 2011இல் நம் பக்கத்தில் விற்ற ஒரு கார் பிஎஸ்-3 வண்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் 16 துளை இணைப்பு இருந்தாலும், உள்ளே தயாரிப்பாளர் தம் பட்டறைக் கருவிக்காக வைத்துக்கொண்ட சொந்த மொழி மட்டுமே ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் நானூறு ரூபாய்க் கருவியும் நாலாயிரம் ரூபாய்க் கருவியும் ஒன்றுபோலவே 'இணைப்பு இல்லை' என்று சொல்லும்.

டார்ச் அடித்து இணைப்பின் உள்ளே பாருங்கள். 6ஆம், 14ஆம் துளைகளில் உலோக முனை இருந்தால் அது பெரும்பாலும் கேன் என்னும், காரின் கணினி கருவியோடு பேசும் புதிய முறை. அவை காலியாக இருந்து 7ஆம் துளையில் மட்டும் முனை இருந்தால் கே-லைன் என்னும் பழைய முறை. மலிவான கருவிகள் வழுக்குவது இந்தக் கே-லைனில்தான். இந்தக் கருவிகளின் மூலச் சில்லான ஈஎல்எம்327ஐ உருவாக்கியது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். அது 2022இல் மூடப்பட்டுவிட்டது. கடைகளில் 'பதிப்பு 1.5' என்று பெருமையாக அச்சிட்டு விற்கிறார்களே, அப்படி ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை, 1.4க்குப் பிறகு அது நேராக 2.0க்குப் போய்விட்டது. எனவே 1.5 என்ற எண்ணைப் பார்த்தால் அது நகல் என்பதில் ஐயம் வேண்டாம். நகல் என்பதாலேயே வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. பிஎஸ்-6 கார்களில் எஞ்சின் சுற்று வேகம், குளிர்நீர் வெப்பம், பிழைக் குறியீடு ஆகியவற்றைப் படிக்க அதுவே போதுமானதாக இருப்பதும் உண்டு. உங்கள் காருக்குத்தான் அது போதாமல் போகக்கூடும்.

ஆகவே என் யோசனை இது: விடுதியில் யாரிடமாவது இந்தக் கருவி கட்டாயம் இருக்கும். ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கி, காரில் எஞ்சின் சுற்று வேகம் திரையில் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பணத்தை எடுங்கள். வாங்கினால், திருப்பி அனுப்ப வழியுள்ள விற்பனையாளரிடம், 'கே-லைன் ஆதரவு உண்டு' என்று பொருள் விவரத்தில் எழுதியிருப்பதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வாங்குங்கள்; அந்தப் படத்தின் பயன் கடைசிக் கேள்வியில் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அந்த இணைப்பின் 16ஆம் முனையில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். மலிவான புளூடூத் கருவிகளின் கடவுச்சொல்லோ பெரும்பாலும் 1234. செருகியே வைத்தால் கருவி பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அருகில் நிற்கும் எவரும் அதில் இணைந்துவிடவும் முடியும். ஆகவே படித்து முடித்ததும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். அடுத்தது, குறியீட்டை எழுதி வைக்காமல் அழித்துவிடாதீர்கள். அழித்தால் விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும், மெக்கானிக்குக் கிடைத்திருக்க வேண்டிய தடயமும் போய்விடும். பழைய கார் விற்கும் சிலர் வாங்குபவர் வருவதற்குச் சற்று முன் இதைத்தான் செய்கிறார்கள். செயலியில் 'ரெடினஸ்' என்ற பக்கத்தில் பல சோதனைகள் முடியாமல் இருப்பதாகக் காட்டினால், அண்மையில் குறியீடு அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: எட்டு மாதத்திற்கு முன் வாங்கிய கார் பேட்டரி செத்துவிட்டது. நான் காரில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி ஒன்றையும் சிறு திரையையும் பொருத்தி வைத்திருப்பதைப் பார்த்த கடைக்காரர், 'உங்கள் வயரிங்கால் போனது, வாரண்டி கிடையாது' என்கிறார். வாரம் முழுவதும் நான் விடுதியில் இருப்பதால் கார் வீட்டில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாமா?

பதில்: போவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பையும் திரையும் சேர்ந்து 6 வாட் எடுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் அது அரை ஆம்பியர். நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி வழக்கம். ஞாயிறு மாலை நீங்கள் விடுதிக்குக் கிளம்பினால், புதன்கிழமைக்குள் பேட்டரி வெறுமையாகிவிடும். வெள்ளிக்கிழமை நீங்கள் திரும்பும் வரை அது அந்த நிலையிலேயே கிடக்கும். ஈய-அமில பேட்டரிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. வெறுமையான நிலையில் தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுக் கொள்ளளவு திரும்பாது. உங்கள் இணைப்பு சாவியோடு அணையாமல் பேட்டரியிலிருந்து நேராக வந்திருந்தால், கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் வயரிங்கைக் கண்ணால் பார்த்ததை வைத்து மட்டும் மறுக்க முடியாது. மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால், ஆறு அறைகளிலும் ஹைட்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியில் அமிலத்தின் அடர்த்தி எண் 1.26 அளவில் இருக்கும். மின்சாரம் ஒழுகிப்போன பேட்டரியில் ஆறு அறைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தாழ்ந்திருக்கும். ஐந்து அறைகள் நன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.05 அல்லது அதற்கு மேல் தாழ்ந்திருந்தால், அது பெரும்பாலும் அந்த அறையின் கோளாறு, அதற்கு உங்கள் பை பொறுப்பல்ல. மூடிய வகை என்றால், முழுதாகச் சார்ஜ் செய்து, லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது) செய்து, அதன் முடிவை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுக்கும் கடைக்காரரின் பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் வாரண்டி அட்டை எண்ணோடு புகார் பதிந்தால், அவர்களுடைய ஆளே வந்து சோதிக்கவும் வழி உண்டு. அறைக் கோளாறு என்று தெரிந்தும் மறுத்தால், அப்போது ஆணையத்திற்குப் போங்கள்.

இனி நடக்காமல் இருக்க: காரில் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸ் ஒன்றிலிருந்து இணைப்பை எடுங்கள், கிளை வயரின் தொடக்கத்திலேயே தனி ஃபியூஸ் போடுங்கள். இணையத்தில் விற்கும் பச்சை, நீல நிற எல்எம்2596 தட்டுகளை (காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பவை) மாணவர்கள் அள்ளி வாங்குகிறார்கள். அசல் சில்லு 150 கிலோஹெர்ட்ஸில் இயங்கி 3 ஆம்பியர் தருவது. மலிவுத் தட்டுகளில் இருப்பது பல வேளைகளில் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடும் போலி, 2 ஆம்பியரைத் தாண்டினாலே கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் இருப்பது மட்டுமே சிக்கல் அல்ல. ஆல்டர்னேட்டரிலிருந்து கண நேரத்திற்கு அதைவிடப் பல மடங்கு உயர்ந்த வோல்ட்டேஜ் பாய்வதும் உண்டு. தெரிந்த நிறுவனத்தின் சிகரெட் லைட்டர் யூஎஸ்பி சார்ஜர் இந்தச் சூழலுக்கென்றே செய்யப்பட்டது. பொறியியல் மாணவருக்கு அது கௌரவக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் வேலை செய்யும். ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும் என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

நின்றிருக்கும் காரில் எவ்வளவு ஒழுகுகிறது என்று அறிய, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் முனையைப் பயன்படுத்தலாம். எல்லாம் உறங்கிய பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. மலிவான மஞ்சள் மீட்டர்களில் அந்த முனைக்கு ஃபியூஸ் கிடையாது என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அதைத் தொடரில் வைத்துக்கொண்டு ஒருபோதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்போன சிக்ரி நிறுவனம் இருக்கும் ஊரில் படிக்கிறீர்கள். ஃபியூஸ் உள்ள நல்ல மீட்டர் ஒன்றை, ராஸ்பெரி பைக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: மகன் கணினி அறிவியல் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறான். இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) லேப்டாப் போதும் என்கிறான். கோட்டையூரில் எங்கள் வீடு அப்பத்தா காலத்து வீடு. வளவில் இருப்பதெல்லாம் பழைய இரண்டு முனைப் பிளக்குகள். நண்பனுடைய லேப்டாப்பைச் செருகியபோது தொட்டால் 'சுர்'ரென்கிறது என்று சொன்னான். பயமாக இருக்கிறது.

பதில்: ஆச்சி, முதலில் மின்சாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உலோக உடல் கொண்ட லேப்டாப்பின் சார்ஜருக்கு எர்த் கிடைக்காதபோது, அதனுள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக மிகச் சிறு மின்சாரம் உடலுக்கு வருகிறது. சார்ஜர் நன்றாக இருந்தால் அந்தச் 'சுர்' ஆளுக்கு ஆபத்தல்ல. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் வேறு ஏதேனும் பழுதானால் ஆபத்துதான். மகன் யூஎஸ்பி கம்பியில் சிறு மின்னணுத் தட்டுகளை இணைக்கும்போது அவை எரிந்துபோகவும் கூடும். சார்ஜரின் மூன்றாவது முனையை வெட்டுவதோ, மூன்றை இரண்டாக்கும் அடாப்டர் போடுவதோ வேண்டாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் குழி இருக்கிறதா என்று பார்த்து, மகன் படிக்கும் அறைக்கு மட்டுமாவது எர்த்துடன் கூடிய மூன்று முனைப் பிளக்கும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள். லேப்டாப் பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது இதைச் செய்யலாம்.

ரீஃபர்பிஷ்டு வாங்குவதில் தவறில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் பொருளைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்பார்களே, அதுபோல மகனும் பார்க்க வேண்டும். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பின் வந்ததோதான் விண்டோஸ் 11க்கு ஏற்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், 6ஆம், 7ஆம் தலைமுறை இயந்திரங்கள் இப்போது மலிவாகக் குவிகின்றன. லினக்ஸ் போட்டுக்கொள்வேன் என்று மகன் சொன்னால் அவையும் போதும், ஆனால் விலையை அதற்கேற்பக் குறைத்துப் பேச வேண்டும். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை உண்டு; தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் அது அடுத்தடுத்துக் காட்டும். பயாஸ் (இயந்திரம் தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரல்) கடவுச்சொல் போட்டிருக்கும் இயந்திரத்தை, விலை எவ்வளவு குறைந்தாலும் தொட வேண்டாம். அது ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து முறையாக விடுவிக்கப்படாமல் வந்ததாக இருக்கலாம். சார்ஜர் தனியாகத் தந்தால், அதில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) குறியும் R என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பில்லில் லேப்டாப்பின் வரிசை எண் எழுதப்பட வேண்டும். அது இல்லாத பில், எந்த இயந்திரத்துக்கு வாரண்டி என்பதையே சொல்லாது.

கேள்வி: விடுதியில் நாங்கள் ஆறு பேர் பணம் போட்டு, ஒருவன் பெயரில் இணையத்தில் மின்னணுப் பாகங்கள் வாங்குகிறோம். இந்த முறை வந்த தட்டுகள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லை. விற்பவர் 'எலக்ட்ரானிக்ஸ் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார். பில்லில் பெயர் இல்லாத நாங்கள் புகார் செய்ய முடியுமா?

பதில்: முடியும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே. ஆனாலும் பில்லில் உள்ள நண்பரே புகாரில் கையெழுத்திடுவது வேலையை எளிதாக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: அதே தட்டுகளை இளைய மாணவர்களுக்கு லாபம் வைத்து விற்றிருந்தால், மறுவிற்பனைக்கு வாங்கியதாகக் கருதி உங்களை நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

ரிட்டர்ன் கிடையாது என்பது உங்கள் மனம் மாறியதற்குப் பொருந்தலாம். பொருள் பழுதானதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரத்தின் படமும், பொட்டலம் பிரிக்கும் காணொளியும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட ஆணையம் இருக்கிறது. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பில் வைத்திருக்கும் நண்பர் இறுதியாண்டு என்றால் இன்னும் சீக்கிரம்.