பையை இறக்கி வை, முதல் சாப்பிடு

(பருத்தித்துறையில் பிறந்து ரொறன்ரோவில் வாழ்பவர், கணவரின் பூர்வீகம் நெடுந்தீவு. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு இருவரும் முதுகுப்பையோடு பஸ்ஸிலும் படகிலுமாக வட இலங்கையைச் சுற்றி வந்தார்கள். வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் தரும் பதில்கள்.)

கேள்வி: சொந்த ஊருக்குப் போகும்போது முதுகுப்பை எதற்கு? சூட்கேசோடு போனால்தானே மரியாதை? (வாசகர், தஞ்சாவூர்)

என் பெரியம்மாவும் இதைத்தான் கேட்டார். "என்ன பிள்ளை, மூட்டையோட வாறாய்? ஒரு ஓட்டோ பிடிக்கவும் காசில்லையே?" அயல் வீட்டார் எங்களைப் பார்க்க வந்தபோது, இரண்டு பைகளையும் நெல் மூட்டைக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு சாக்கையும் போட்டு மறைத்துவிட்டார். கனடாவிலிருந்து வந்த பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கியது தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை அவருக்கு.

வெளிநாட்டுச் சூட்கேஸ் என்பது ஊருக்குப் பொதுச் சொத்து. சொக்லேட், சவர்க்காரம், விற்றமின் குளிசை என்று வீட்டுக்கு வீடு பங்கு போகும். நாங்கள் அந்தக் கடமையை முன்கூட்டியே பார்சலில் அனுப்பி முடித்துவிட்டோம். அப்புறம், குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகு ஏறிப் பாருங்கள். அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், சைக்கிள், கோழிக்கூடு எல்லாம் கூடவே வரும். ஒரு கை படகைப் பிடிக்க, மறு கை யாரோ ஒருவர் நீட்டும் குழந்தையை வாங்க. சக்கரம் வைத்த சூட்கேசுக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: எந்த வழியாகப் போனீர்கள்? தமிழ்நாட்டிலிருந்து நேராகப் போக முடியுமா? (வாசகி, நாகப்பட்டினம்)

உங்கள் ஊரிலிருந்தே யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு விமானமும் இருக்கிறது.

நாங்கள் போனது கொழும்பிலிருந்து ரயிலில். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில், 2014 அக்டோபரில்தான் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பெரும் போர் நடந்த ஆனையிறவு வந்ததும் பெட்டியில் பாதிப் பேர் எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிடுகிறார்கள். என் கணவர் கதவருகே போய் நின்றுகொண்டார், கூப்பிட்டாலும் காது கேட்கவில்லை. திரும்பும்போது சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக மன்னாருக்கு பஸ். அந்தப் பாலம் 2011இல் திறந்தது. யாழ்ப்பாணத்தார் மன்னாருக்குப் போக வவுனியா வரை சுற்ற வேண்டிய தேவை அதோடு தீர்ந்தது.

கேள்வி: ஒடியல் கூழ் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நல்லதாக எந்த ஹோட்டலில் கிடைக்கும்? (வாசகர், கோயம்புத்தூர்)

ஹோட்டலிலும் தருகிறார்கள். ஆனால் கூழ் என்பது பத்துப் பேர் சேராமல் காய்ச்சுகிற சாமான் இல்லை.

பனங்கிழங்கைப் பச்சையாகவே கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்தால் ஒடியல் மா. இந்த மாவில் ஒரு கசப்பு உண்டு. நெடுந்தீவில் இவருடைய சின்னம்மா காலையிலேயே மாவைத் தண்ணீரில் போட்டு, தெளிய விட்டு, மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்பவும் புதுத்தண்ணீர் விட்டு வைத்தார். நான் அவசரப்பட்டுக் கையை விடப் போக, "அடியைக் கலக்காதை பிள்ளை" என்று அகப்பைக் காம்பால் ஒரு தட்டு. பெரிய பானையில் பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பயிற்றங்காய், ஒரு பிடி அரிசி எல்லாம் முதலில் வேகும். பிறகு மீன்தலை, நண்டு, இறால். செத்தல் மிளகாயை அரைத்துப் புளியில் கரைத்து ஊற்றி, கடைசியில்தான் மா. மா விழுந்ததும் கூழ் திடீரென்று தடிக்கும், அந்த நேரத்தில் துழாவுகிற கை நிற்கக் கூடாது.

ஆண்கள் முற்றத்தில் பனையோலையில் பிளா, அதாவது ஓலைக் கிண்ணம், கோலிக்கொண்டிருந்தார்கள். கூழைப் பிளாவில் வாங்கிச் சுடச்சுடக் குடிக்க வேண்டும். மூக்கு ஒழுகும், கண் கலங்கும், யாரும் பேச மாட்டார்கள். நண்டுக் காலைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். கேழ்வரகுக் கூழை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் முதல் வாயிலேயே காரம் தலைக்கேறும், சொல்லிவிட்டேன்.

ஹோட்டலில் கிடைக்காத இன்னொன்று, நீத்துப்பெட்டியில், அதாவது பனையோலைக் கூம்பில், அவித்த பிட்டு. பெரியம்மா வறுத்த சிவப்பரிசி மாவைச் சுடுநீர் விட்டுக் குழைத்து, பால்பேணியின் (பால் டின்னின்) வாயால் கொத்திக் கொத்தி உதிர்ப்பார். மணி மணியாக வர வேண்டும். கட்டியாக வந்தால் அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை.

கேள்வி: உறவினர் வீடு, உறவினர் வீடு என்று தங்கினால் அலுத்துப் போகாதா? கணவன் மனைவிக்குத் தனியாக ஒரு நேரம் வேண்டாமா? (வாசகி, சென்னை)

அலுக்கும். ஏன் பொய் சொல்ல வேண்டும்? அண்ணன் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டால் தம்பி வீட்டில் இரவுச் சாப்பாடு கட்டாயம். இல்லாவிட்டால், முப்பது வருடத்துக்கு முந்தைய காணிப் பிரச்சினை எங்கள் வயிற்றின் மேல் ஏறி நிற்கும். "காணும் மாமி" என்று கையால் தட்டை மூடினால் விரலிடுக்கு வழியாகச் சொதியை (தேங்காய்ப்பால் குழம்பை) ஊற்றுவார்கள். நான் கொஞ்சமாகப் போட்டு மெதுவாகச் சாப்பிடும் கட்சி. இவர் எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் என்னோடு முனகுகிற கட்சி. சண்டை வந்ததெல்லாம் இதில்தான், வழி தவறியோ பணம் போயோ ஒரு சண்டையும் இல்லை.

ஒருமுறை தாங்க முடியாமல் திருகோணமலைக்கு ஓடி, கடற்கரைப் பக்கம் அறை எடுத்தோம். அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை. பாணும் (பிரெட்) சம்பலும் வாங்கி அறையிலேயே சாப்பிட்டோம், ஒரு மனிதர்கூட "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லவில்லை. சொர்க்கம். மறுநாள் மாலை இவருக்குப் பொறுக்கவில்லை. விடுதியில் வேலை பார்த்த பையனிடம், "தம்பி எந்த ஊர்? ஆற்றை (யாருடைய) பிள்ளை?" என்று தொடங்கிவிட்டார். ஊர், கோயில், பாட்டியின் ஊர் என்று போய், அவன் அம்மாவுக்கு இவர் மச்சான் முறை என்று வந்து நின்றது. அடுத்த மத்தியானம் எங்களுக்கு எங்கே சாப்பாடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: போரில் இழந்த இடங்களைப் பார்த்தீர்களா? (வாசகர், புதுச்சேரி)

அம்மாவின் ஊர் மயிலிட்டி. 1990இல் எல்லோரும் வெளியேறினார்கள், ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மயிலிட்டித் துறைமுகத்தையே 2017இல்தான் விட்டார்கள். காணிகளை இன்னும் பகுதி பகுதியாகத்தான் விடுகிறார்கள். வீடு இல்லை, கிணறு இருக்கிறது. கிணற்றை வைத்துத்தான் அடுக்களை எங்கே, விறாந்தை எங்கே என்று அம்மா போனில் சொல்லச் சொல்லக் கண்டுபிடித்தோம். திரும்பி வந்து குடியிருக்கும் ஒரு அம்மா, கொட்டிலில் பனங்கட்டியும் தேத்தண்ணியும் தந்தார். என் அம்மாவின் பெயரைச் சொன்னதும், "பள்ளிக்கூடத்திலை நல்லாப் பாடுவாள்" என்றார். அம்மா பாடுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கேள்வி: எந்த மாதம் போனால் நல்லது? (வாசகி, பெங்களூரு)

என்ன சாப்பிட ஆசை என்பதைப் பொறுத்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வேண்டுமென்றால் மே, ஜூன். பனங்காய்ப் பணியாரம் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். ஆனால் ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். பல வீடுகளில் அடுப்பங்கரைக்குள் மீன் நுழையாது. கோயில் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை, கூழுக்கு அதைவிட மோசமான காலமும் இல்லை. நவம்பர், டிசம்பர் மழை. காற்று எழும்பினால் தீவுப் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் போவதானால், படகு ஓடுமா என்று முதல்நாள் இரவே தீவில் யாருக்காவது போன் போட்டுக் கேட்டுவிட்டு, காலையில் குறிகட்டுவான் பஸ் ஏறுங்கள்.