சொளகும் ஸ்காலர்ஷிப்பும்

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகளுக்குப் படிப்பு உதவி கிடைக்குமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: கிடைக்கும் தாயி. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை தனியாக உண்டு. அதைத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போட வேண்டும்.

முதலில் உங்கள் பீடி அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். எங்கம்மாவும் மடியில் பீடி சுற்றும் சொளகோடு (முறத்தோடு) கிடந்தவர்தான். அட்டையில் ‘சுப்பம்மாள்’, ரேஷன் கார்டில் ‘சுப்புலட்சுமி’. என் மனு திரும்பி வந்துவிட்டது. அந்த வருஷப் பணம் போச்சு! ஆதாரிலும் அட்டையிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கட்டும். மகள் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. வருமானச் சான்றுக்கு இப்போதே இ-சேவை மையம் போய்விடுங்கள், ஜூனில் வரிசை தெருவுக்கு வந்துவிடும்.