நீளமான பழைய முற்றத்து வீட்டுக்குப் புது பாய்லர் எதை வாங்கலாம்?

கேள்வி: கும்பகோணம் பக்கம் தாத்தா காலத்து வீடு. முற்றம், ஓட்டுக் கூரை, எல்லாப் பக்கமும் காற்று புகுந்து வரும். கொல்லையில் இருக்கும் செம்பு பாய்லர் ஒழுக ஆரம்பித்துவிட்டது, முன்கட்டில் இருந்த 50 லிட்டர் கீசரும் துருப்பிடித்துவிட்டது. இரண்டையும் தூக்கிவிட்டு ஒரே பெரிய சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டு வீடு முழுக்கக் குழாய் இழுக்கலாமா? அப்பா, அம்மா வயதானவர்கள்.

பதில்:

ஒரே பெரிய சோலார் வேண்டாம். நானும் மயிலாடுதுறைப் பக்கம் இதே மாதிரி வீட்டில்தான் இருக்கிறேன். வாசலில் நின்றால் ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லைக் கதவு தெரியும். இந்த நீளம்தான் வெந்நீரைத் தின்கிறது. முக்கால் இஞ்ச் குழாயில் மீட்டருக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். கொல்லையிலிருந்து முன்கட்டுக்கு 30 மீட்டர் என்றால் ஏழெட்டு லிட்டர். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது அந்த ஆறிப்போன தண்ணீர்தான், கிட்டத்தட்ட அரை வாளி. அதைக் கொட்டின பிறகு வெந்நீர் வரும். ஒருவர் குளித்து, அடுத்தவர் காபி குடித்துவிட்டு வருவதற்குள் குழாயில் நிற்பது மறுபடி ஆறிவிடும். வாடைக்காற்று அடிக்கிற முற்றத்து ஓரமாகக் குழாய் போனால் சொல்லவே வேண்டாம். வெந்நீர்க் குழாய்க்கு மேலே உறை போடலாம், ஆறுவது தாமதமாகும், அவ்வளவுதான்.

அப்புறம் நம்ம ஊர் வானம். நமக்கு வெந்நீர் மும்முரமாகத் தேவைப்படுவது ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். வடகிழக்குப் பருவமழை அடிப்பதும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான். நாலு நாள் மூட்டம் போட்டால் சோலாரில் வெதுவெதுப்புக்கு மேல் கிடைக்காது. உள்ளே இருக்கும் ஹீட்டரைப் போட்டால் 200 லிட்டரையும் கரண்டில் காய்ச்ச வேண்டும். பங்குனி, சித்திரையில் கொதிக்கக் கொதிக்க வரும், அப்போது யாருக்கு வேண்டும்? தண்ணீரோடு சேர்த்தால் 200 லிட்டர் சோலார் முந்நூறு கிலோவை ஒட்டி இருக்கும். நாட்டு ஓட்டின் மேல் அதை வைக்க வழியே இல்லை. மரக்கட்டை உத்திரம் தாங்குகிற பழைய மட்டப்பாவிலும் (மொட்டை மாடித் தளம்) நான் வைக்க மாட்டேன். கொல்லைக் குளியலறைக்கு மேலே கான்கிரீட் தளம் இருக்கிறது என்றால் அந்த ஒரு அறைக்கு மட்டும் 100 லிட்டர் போட்டுக்கொள்ளுங்கள், அது நல்ல யோசனைதான்.

உங்களுக்கு நான் சொல்வது: அப்பா அம்மா குளிக்கிற இடத்தில் ஒரு 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர், முன்கட்டில் இன்னொரு 15 லிட்டர், கொல்லையில் அந்தச் செம்பு பாய்லரை ரிப்பேர் செய்து அப்படியே வைத்துக்கொள்வது. 50 லிட்டருக்குப் பதில் 15 போதுமா என்று தோன்றும். மார்கழி விடியற்காலையில் மேல் தொட்டித் தண்ணீர் 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை அதோடு கலந்தால் 40 டிகிரியில் 33 லிட்டர் கிடைக்கும், ஒன்றரை வாளிக்கு மேல். ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். 2 கிலோவாட் ஹீட்டர் அடுத்த 15 லிட்டரை இருபது நிமிடத்தில் காய்ச்சிவிடும். செலவு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு.

இங்கே ஒரு விஷயம், எங்கள் வீட்டில் தினமும் செய்வது. போர் தண்ணீர் வருஷம் முழுக்க 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதனால்தான் மார்கழியில் அடிபம்புத் தண்ணீர் கைக்கு இதமாக இருக்கிறது. விடியற்காலையில் மோட்டாரைப் போட்டு, தொட்டிக்குப் போகாமல் நேராக வாளியில் பிடித்து அதோடு வெந்நீரைக் கலந்தால் அதே 15 லிட்டர் இரண்டு வாளி ஆகிவிடும். கொல்லையில் மோட்டார் குழாயில் ஒரு 'T' இணைப்பு போட்டு ஒரு வால்வு வைத்தால் போதும். பிளம்பருக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் விலை குறைவு என்று கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். டெல்டாவில் அது சரிப்படாது. வயல் மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கும் ஊர்கள் நிறைய. 230 வோல்ட்டில் 3 கிலோவாட் இழுக்கிற ஹீட்டர் 180ல் 1.8 கிலோவாட்தான் கொடுக்கும், ஏனென்றால் வோல்டேஜ் குறைகிற விகிதத்தின் வர்க்கத்தில் சூடு குறையும். ஸ்டோரேஜ் கீசரில் அதனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்ஸ்டன்டில் தண்ணீர் சூடாகாமலே ஓடிவிடும்.

கேஸ் கீசர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். யாராவது கட்டாயம் சொல்வார்கள், உங்கள் வீடு காற்றோட்டமான வீடுதானே, ஒன்றும் ஆகாது என்று. வீட்டில் காற்று வரும், குளியலறையில் வராது. கதவைச் சாத்தி, ஜன்னலையும் குளிருக்குச் சாத்திக் குளிக்கும்போது எரிகிற கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாமல் மயக்கம் வரும், உயிரே போகும். நம் நாட்டில் அப்படிப் போன உயிர்கள் ஒன்று இரண்டு அல்ல. வைத்தே ஆக வேண்டும் என்றால் குளியலறைக்கு வெளியே, திறந்த தாழ்வாரத்துச் சுவரில் மட்டும் வையுங்கள். அதற்கும் தண்ணீர் வேகம் வேண்டும், தொட்டி தாழ்வாக இருந்தால் தீ பற்றாது.

கீசர் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். நட்சத்திரக் குறியீடு, தொட்டியில் சும்மா நிற்கும் வெந்நீர் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைச் சொல்வது. காற்று அடிக்கிற உங்கள் வீட்டில் ஐந்து நட்சத்திரத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அடுத்தது தண்ணீர். சீர்காழி, தரங்கம்பாடி, வேதாரண்யம் என்று கடலோரம் போகப் போக நிலத்தடி நீர் உப்பு. உங்கள் பக்கம் அவ்வளவு மோசம் இருக்காது, ஆனாலும் வெந்நீர் போடும் குண்டானின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் கண்ணாடிப் பூச்சு உள்ள தொட்டியே வாங்குங்கள், சூட்டை 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியை வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகிற கம்பி அது. உங்கள் பழைய கீசரில் அது எப்போதோ கரைந்து முடிந்திருக்கும், பிறகுதான் தொட்டி போயிருக்கும். 8 பார் அழுத்தம் தாங்கும் என்று விலையைக் கூட்டினால் மசியாதீர்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் 1 பார். உங்கள் தொட்டி ஓட்டுக்கு மேலே எவ்வளவு உயரம் இருந்துவிடப் போகிறது?

கீசரை விட வயரிங்கில் காசு போடுங்கள். பழைய வீடுகளில் மரப்பட்டி மேல் ஓடும் வயர் விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்டது. பாதி வீட்டில் எர்த்தே இருக்காது. மெயினிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் பவர் பிளக், புதிதாக ஒரு எர்த் குழி, 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்). இது நாலும் இல்லாமல் அப்பா அம்மா ஈரக்காலோடு நிற்கிற இடத்தில் கீசரை மாட்டாதீர்கள். இரண்டு கீசரையும் ஒரே நேரத்தில் போடாமல் இருந்தால் லோடும் பிரச்சினை இல்லை. ஆறு பேர் தினம் ஆளுக்கு ஒரு வாளி என்றால் இரண்டு மாத பில்லில் 130, 140 யூனிட் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் குறைவான யூனிட்டுகளுக்கான கட்டண வீதமும் கூடிவிடும், ஏ.சி. இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஹீட் பம்ப் என்று ஒன்று வந்திருக்கிறது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும், சாதாரண கீசரின் மூன்றில் ஒரு பங்கு கரண்டே போதும். நம்ம ஊர் காற்றுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் விலை அதிகம், பெரிய தொட்டியாகத்தான் வரும், மறுபடி நீளமான குழாய் வேண்டும். வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள்.

குளியலறையையும் கொஞ்சம் கவனியுங்கள். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே வடக்குப் பக்கம் இருக்கும் இடைவெளியை அடைத்தாலே வயதானவர்களுக்கு நடுக்கம் குறையும், வாளித் தண்ணீரும் சீக்கிரம் ஆறாது. மேலே தெற்குப் பக்கம் ஒரு திறப்பு இருக்கட்டும், ஈரம் போக.

கடைசியாக அந்தச் செம்பு பாய்லர். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2018 நவம்பர் 16ல் கஜா கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் தென்னை மட்டையும் பன்னாடையும் கொட்டாங்கச்சியும்தான் கைகொடுக்கும். நடுக்குழாயில் நாலு கொட்டாங்கச்சியைப் போட்டுப் பற்றவைத்துவிட்டு, புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். ஊற்றினால்தான் வரும் என்பதால் உள்ளே தண்ணீர் குறையாது, எப்போதும் திறந்தே இருப்பதால் அழுத்தமும் ஏறாது. அதனால் அதை மேல் தொட்டிக் குழாயோடு இணைத்து மூடிவிடலாம் என்று பிளம்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆவி போக வழியில்லாமல் வெடிக்கும்.

ஒழுகுவது எங்கே என்று பாருங்கள். வெளிச் சுவரின் மூட்டில் என்றால் பாத்திரம் பற்றவைக்கிறவர் சரிசெய்துவிடுவார். தீ எரிகிற நடுக்குழாயே தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுப் போட்டு நிற்காது, குழாயையே மாற்ற வேண்டும். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் விசாரித்தால் அந்த வேலை தெரிந்தவரைச் சொல்வார்கள். 2028ல் மகாமகம் வருகிறது, உங்கள் வீடு நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்துக்காகப் பெரிய கீசர் வாங்காதீர்கள். பாய்லரும் கொல்லையில் ஒரு கோட்டை அடுப்பும் அண்டாவும் இருந்தால் எத்தனை பேர் வந்தாலும் குளிக்கலாம்.